வறுமை குற்றமாகாது: கொச்சி வங்கி வழக்கும் அடிப்படை உரிமையும்

(இடப்பள்ளியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடப்பள்ளி, கொச்சி மாநகரின் வணிக வளர்ச்சிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 2013இல் இங்கு பெரும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. 2017இல் மெட்ரோ ரயில் வந்தது. இவ்வளர்ச்சியுடன் கடனும் வளர்ந்துள்ளது. வீட்டுக் கடன், வாகனக் கடன், தொழிற் கடன் என்பன இன்று நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடச் சொற்களாகிவிட்டன.

வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. வங்கி கடனாகக் கொடுப்பது பொதுமக்களின் சேமிப்பையே. ஆனால் ஒருவரால் கடனைச் செலுத்த இயலாமற் போனால் அவரைச் சிறையில் அடைக்கலாமா? இக்கேள்வி 1980ஆம் ஆண்டில் இக்கொச்சியின் பெயரைத் தாங்கிய வங்கியொன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி என்பது அவ்வழக்கின் பெயர்.

வழக்கின் வரலாறு

கொச்சி வங்கி தொடர்ந்த வழக்கில் கடனாளிகளுக்கு எதிராக இரண்டரை லட்ச ரூபாய்க்கு டிகிரி ஆயிற்று. வேறு இரு டிகிரிகளையும் சேர்த்து அவர்கள் செலுத்த வேண்டிய தொகை ஏழு லட்ச ரூபாயைத் தாண்டியது. அவர்களுடைய அசையாச் சொத்துக்கள் ஜப்தி செய்யப்பட்டிருந்தன. அவற்றை நிர்வகிக்க ரிசீவர் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்ததாகவும் கூறப்பட்டது. இந்நிலையில், 1979 ஜூன் மாதத்தில், அவர்களைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க வாரண்டு பிறப்பிக்கப்பட்டது. பணம் செலுத்தும் சக்தி அப்பொழுது அவர்களுக்கு இருந்ததா என்று விசாரிக்கப்படவில்லை. முன்னர் ஒரு முறை வாரண்டு பிறப்பிக்கப்பட்டிருந்ததே போதுமானதாகக் கொள்ளப்பட்டது.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவு இதற்கு இடம் தருவதாகத் தோன்றியது. டிகிரியின் தேதிக்குப் பிறகு எப்பொழுதேனும் பணம் செலுத்தும் வசதி இருந்து, செலுத்த மறுத்தவரையோ, அசட்டை செய்தவரையோ சிறையில் வைக்கலாம் என்பது அப்பிரிவு கூறும் நிபந்தனைகளுள் ஒன்று. இதைச் சொல்லுக்குச் சொல் கொண்டால், ஒரு காலத்தில் கையில் பணம் வைத்திருந்து, பின்னர் நோயாலோ தொழில் நட்டத்தாலோ அதை இழந்தவரும் சிறை செல்ல நேரிடும்.

தீர்ப்பின் சாரம்

1980 பிப்ரவரி 4ஆம் தேதி நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யர், ஆர். எஸ். பாட்டக் ஆகியோர் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. வெறுமனே கடன் நிலுவையில் இருப்பது சிறைக்குக் காரணமாகாது. செலுத்தும் வசதி இருந்தும் தீய நோக்குடன் மறுத்தமை மெய்ப்பிக்கப்பட வேண்டும். கொடிய நோய்க்கான மருத்துவச் செலவு போன்ற அவசரத் தேவைகள் கடனாளிக்கு இருந்தனவா என்பதையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்தது. கைது ஆணை நீக்கப்பட்டு, விஷயம் புதிதாக விசாரிக்கப்படுமாறு கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கடன் ரத்து செய்யப்படவில்லை. 51ஆவது பிரிவும் செல்லாததாக அறிவிக்கப்படவில்லை. இயலாமைக்கும் நேர்மையின்மைக்கும் இடையே தெளிவான கோடு மட்டும் கிழிக்கப்பட்டது.

இம்முடிவுக்கு இரண்டு துணைகள் இருந்தன. முதலாவது சர்வதேச உடன்படிக்கை. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் சிறையிடலாகாது என்கிறது, குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 11ஆவது விதி. இந்தியா 1979இல் அதில் இணைந்தது. எனினும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றாதவரை உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆகவே இரண்டாவது துணையான அரசியலமைப்பின் 21ஆவது விதி முக்கியத்துவம் பெற்றது.

21ஆவது விதி வளர்ந்த வழி

உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அவ்விதி, தொடக்கத்தில் குறுகிய பொருளையே பெற்றிருந்தது. கேரளத்தின் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாநிலச் சிறையிலிருந்து தொடுத்த வழக்கில், சட்டமன்றம் வகுத்த நடைமுறை பின்பற்றப்பட்டால் போதும் என்று 1950இல் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். அந்த நடைமுறை நியாயமானதா என்ற கேள்விக்கு அன்று இடமிருக்கவில்லை. அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகக் காணும் அந்நோக்கை 1970ஆம் ஆண்டு வங்கி தேசியமய வழக்கு தளர்த்தியது. நடைமுறை நியாயமும் நேர்மையும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கு நிலைநாட்டியது. கடவுச்சீட்டு பற்றிய வழக்கில் பிறந்த இக்கோட்பாட்டை, இரண்டே ஆண்டுகளில் கடனாளியின் வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்த்தது கொச்சி வங்கி வழக்கு.

பொருளாதார நோக்கில்

கடனாளியைச் சிறையிடுவதால் கடன் வசூலாகிறதா என்பதும் எண்ணத்தக்கது. சிறையில் இருப்பவர் பொருள் ஈட்ட இயலாது. அவருடைய உணவுப் படியை டிகிரிதாரரே கட்ட வேண்டும். விடுதலையானாலும் கடன் தீர்ந்துவிடுவதில்லை என்று சட்டமே கூறுகிறது. ஆகவே இயலாதவரைச் சிறையிடுவதால் கடன் கொடுத்தவருக்கும் இலாபமில்லை. சொத்தை மறைத்து வைப்பவர் விஷயம் வேறு. அவருக்கு எதிராகச் சட்டத்தின் கை தளர வேண்டுவதில்லை.

1985இல் கொச்சி வங்கி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டு, அப்பெயர் மறைந்தது. ஆனால் வழக்கு மறையவில்லை. 51ஆவது பிரிவும் இன்றளவும் நடைமுறையில் உள்ளது. பணம் செலுத்துவதற்கான டிகிரியின் பேரில் பெண்களைக் கைது செய்ய இயலாது. 2002இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 2,000 ரூபாய்க்கு மேற்படாத டிகிரிக்குச் சிறை இல்லை. 5,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு. இன்றைய விலைவாசியில் 5,000 ரூபாய் எவ்வளவு சிறிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே சிறு கடனாளிக்கு மெய்யான காப்பு தொகை வரம்பில் இல்லை. 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பு வலியுறுத்திய விசாரணையிலேயே உள்ளது.

அவ்விசாரணை பயன் தர வேண்டுமாயின், கடனாளி நோட்டீசைக் கண்டு அஞ்சி ஒதுங்காமல் நீதிமன்றத்தில் தோன்றி, தம் வருவாயையும் செலவையும் எடுத்துரைக்க வேண்டும். தகுதியுடைய ஏழைகளுக்கு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இலவசமாக வழக்கறிஞரை அளிக்கின்றன. இதைச் சிறு வணிகரும் மீனவரும் அறியச் செய்வது வங்கிகள், ஊராட்சிகள், பொது அமைப்புகள் ஆகிய அனைத்தின் கடமையாகும். தீர்ப்பேடுகளில் உள்ள உரிமை, வாரண்டு வந்த வீட்டில் உள்ளவருக்குத் தெரிந்திருந்தாலன்றிப் பயன் தராது.