மூங்கிலும் கதிரையும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டரைப் பேச விட்டால் நீரிழிவு பற்றித்தான் சொல்லுவார் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போன நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்டது கதிரையை.

1927இல் சார்லொட் பெரியாண் என்ற இளம்பெண் பரிசில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கோர்புசியேயிடம் வேலை கேட்டுப் போனார். இங்கே மெத்தைகளுக்குப் பூத்தையல் போடுவதில்லை என்று அவர் திருப்பி அனுப்பினார். பின்னர் பெரியாணின் வேலையைக் கண்காட்சியில் பார்த்த பிறகே சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அங்கே உருவான உருக்குக் குழாய்ச் சாய்மனைக் கதிரை உலகப் புகழ் பெற்றது. புகழில் பெரும்பங்கு யாருக்குப் போனது என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1940இல் யப்பானிய அரசு பெரியாணைக் கைத்தொழில் வடிவமைப்பு ஆலோசகராக அழைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவரை வளைத்துச் செய்த சிறிய மூங்கில் இடுக்கி ஒன்று கவர்ந்தது. அழுத்தினால் வளைந்து, விட்டால் நிமிரும் அந்தத் துள்ளலைச் சாய்மனைக் கதிரைக்குக் கொண்டுவந்தார். உருக்கு இருந்த இடத்தில் மெல்லிய மூங்கில் பட்டைகள். 1941இல் டோக்கியோவிலும் ஒசாக்காவிலும் அது காட்சிக்கு வந்தது. மரபான யப்பானிய வீட்டில் பாயில்தான் இருப்பார்கள்.  அவர் எடுத்துக்கொண்டது கைவினையின் அறிவை.

மூங்கிலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நார்கள் வெளிப்புறம் நெருக்கமாகவும் உள்ளே ஐதாகவும் இருக்கும், நடுவில் வெறுமை. எங்கள் தொடை என்பும் ஏறத்தாழ அப்படித்தான்.

1950இல் இசாமு நொகுச்சியும் இசாமு கென்மொச்சியும் டோக்கியோவில் கூடைபோலப் பின்னிய மூங்கில் இருக்கையை இரும்புக் கால்களில் பொருத்தினார்கள். அந்த மூலக் கதிரை இன்றில்லை. 2007இல் நியூயோர்க்கில் உள்ள நொகுச்சி அரும்பொருளகக் கண்காட்சிக்காக மீண்டும் செய்தார்கள். படம் இருந்தால் போதுமா? கூடை பின்னத் தெரிந்த கை வேண்டும்.

எங்கள் காலத்தில், உயிரியல் படிக்கப்போகிற பிள்ளைக்குக் கைப்பணிப் பாடம் எதற்கு என்று வீடுகளில் கேட்டார்கள். பின்னாளில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தையல் பழகியபோது, ஓலை இழைத்துப் பழகிய எங்கள் சிலரின் கை நூலை எவ்வளவு இழுப்பது என்று முன்னமே அறிந்திருந்தது.

ஊரில் இன்னும் கடகம் இழைக்கும் ஆச்சிமார் இருக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். ஓலை மட்டும் ஆள் பாரம் தாங்காது. கடகம் பொத்தும் நார் தாங்கக்கூடும். நூலகத்துக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள் வாங்கமுன், ஒன்றையாவது அவர்களைக் கொண்டு இழைப்பித்துப் பார்ப்போம். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். மொறட்டுவையில் வடிவமைப்புப் படிக்கும் தங்கைமார் சட்டத்தை வரையட்டும். கைப்பணி வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பழகட்டும். முதற் கதிரையின் செலவு எங்கள் வகுப்பினுடையது. அதில் இருந்து பார்த்து முதுகு நோகிறதா என்று சொல்லும் பொறுப்பும் எங்களுடையதே.