ஐந்து அறைகள், ஒரு அடுப்படி

(கருங்குழியில் நடைபெற்ற படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வெளிநாட்டில் உயர்கல்வி' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பம், உதவித்தொகை, விசா இதெல்லாம் இணையத்தில் கிடைக்கும். கூட்டம் முடிந்த பிறகு தனியாகக் கேட்டாலும் சொல்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் லண்டன் கிளம்பும்போது எங்கம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க யார் வூட்டுலடா தங்குவ?" காலேஜ் பெயரைக் கேட்கவில்லை, பணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

என் ஆய்வு செங்கல்பட்டு மாவட்டத்துப் பஞ்சமி நிலம் பற்றியது. தலித் மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள் உண்டு. ஆனால் இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றி ஆய்வு செய்வோருக்கு அது கிடையாது என்று 2022இல் விதியை மாற்றிவிட்டார்கள். நம் நிலத்தைப் பற்றி வெளியே போய்ப் படிக்க நம் பெயரிலான பணம் உதவாது. அதனால் வேறு வழியில், ஓராண்டு பரிமாற்ற மாணவனாகப் போனேன். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பழைய இந்திய அலுவலக ஆவணங்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். ரயிலை விட்டு இறங்கி ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் தி.நகர் மாதிரி இருக்கும். முருங்கைக்காய், இடியாப்ப மாவு, தமிழ்ப் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. அங்கே ஒரு பழைய வரிசை வீடு. ஐந்து அறைகள், ஒரு குளியலறை, ஒரு அடுப்படி. முன்னறையையும் படுக்கையறையாக்கி விட்டதால் எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரே இடம் அடுப்படிதான். என் அறைக்கு மாதம் 550 பவுண்டு. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஐந்து பேரும் தமிழ்நாடு. வீட்டுக்காரரிடம் மொத்தமாக எடுத்து எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். ஐ.டி. வேலை, நல்ல மனிதர். நான் போய் இறங்கிய அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்காக ரசம் வைத்துக் கொடுத்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதில் கெட்டவன் என்று தனியாக யாரும் கிடையாது.

ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. குப்பை போடுவதற்கு முறை வைத்திருந்தோம். தோசைக்கல் பொது, குக்கர் பொது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கோழியோ ஆட்டுக்கறியோ சமைப்போம். சுத்த சைவ வீடு இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே கேள்வி வந்துவிட்டது. "தம்பிக்கு எந்த ஊரு?" செங்கல்பட்டு என்றேன். "செங்கல்பட்டுல எங்க?" மதுராந்தகம் பக்கம். "பக்கம்னா?" கருங்குழி. ஒருவருக்கு முகம் மலர்ந்தது. "வள்ளலார் தண்ணியில விளக்கு எரிச்ச ஊரா?" இல்லை, அது வடலூர் பக்கத்துக் கருங்குழி என்று திருத்தியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டேன். வள்ளலார் ஊர்க்காரன் என்றால் கேள்வி அதோடு நின்றுவிடும் என்று ஒரு கணக்கு. நிற்கவில்லை. "ஊருக்குள்ள எந்தத் தெரு?" ஈஸ்ட் ஹாமில் உட்கார்ந்துகொண்டு, கருங்குழிக்கு ஒருநாளும் வந்திராத ஒருவர், என் தெருவைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்? நான் "ஹைவே ஓரமா" என்றேன். பொய் இல்லை. ஆனால் எட்டு மாதம் அந்த 'ஹைவே ஓரமா'விலேயே குடியிருந்தேன்.

எப்படி என்று கேட்டால், நூலகம் மூடும்வரை உட்கார்ந்திருப்பேன். மூடிய பிறகும் உடனே வரமாட்டேன். அடுப்படி காலியாகும் நேரம் பார்த்துப் போய்ச் சோறு வைத்துக்கொள்வேன். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் ஊர் வரும், கல்யாணம் வரும், "உங்க ஆளுங்கள்ல" என்ற சொல் வரும்.

நம் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் இதையே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் சுமார் 400 மாணவர்கள், பத்துப் பேர் தவிர மற்றவர் பார்ப்பனர்கள். யாராவது நெருங்கி ஊரும் சாதியும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்திருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் 'பறையன்' என்று பெயர் வைத்தே 1893இல் பத்திரிகை நடத்தினார், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார், 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசைக்குப் போனார். அவர் பெயரைச் சொல்லி மேடையில் கைதட்டல் வாங்கியவன் நான். லண்டனில் அவர் மணி அடிக்கக் காத்திருந்ததை மட்டும்தான் பின்பற்றினேன்.

இன்னொரு கேலியும் உண்டு. பகலில் நான் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தது, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கை. அடுத்த ஆண்டு வந்த பஞ்சமி நில ஆணைக்கு அடிப்படை அதுதான். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் மிராசுதார் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்பதை அதில் விரிவாகச் சொல்லியிருப்பார். அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய், காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டுக்குப் போனேன். 1921-22இல் அம்பேத்கர் தங்கிய வீடு. 2015இல் மகாராட்டிர அரசு அதை வாங்கியது. நினைவில்லமாக்க அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்து, உள்ளாட்சி மன்றம் அனுமதி மறுத்து, 2020இல்தான் சிக்கல் தீர்ந்தது. அந்தத் தெருவைப் பார்த்தால் அங்கே அவர் வசதியாக இருந்தார் என்று தோன்றும். ஆனால் அந்த லண்டன் நாட்களில் காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், ஒரு கோப்பை போவ்ரில். இரவில் பசி தாங்காமல் தெரிந்தவர் கொடுத்த அப்பளம் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். (போவ்ரில் என்பது மாட்டுக்கறிச் சாறு. எங்கள் ஈஸ்ட் ஹாம் அடுப்படிக்குள் அதற்கு அனுமதி கிடைத்திருக்காது.)

அதற்கு முன், 1913இல் நியூயார்க். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் ஒரு வாரம், சாப்பாடு ஒத்துவராமல் காஸ்மோபாலிடன் கிளப், பிறகு லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு. அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. 1917இல் இந்தியா திரும்பிப் பரோடாவில் வேலைக்குப் போகிறார். ரயிலடியில் இறங்கியதும் அவர் முன் நின்றது எங்கம்மாவின் கேள்விதான். யார் வீட்டில் தங்குவது? இந்து விடுதிகள் சேர்க்காது. ஒரு பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து, தட்டுமுட்டுச் சாமான் கிடந்த மாடியில் தனியாகத் தங்குகிறார். பதினோராம் நாள் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நிற்கிறார்கள். தெரிந்த இருவரிடம் இடம் கேட்கிறார், இருவரும் சாக்குச் சொல்கிறார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார். அந்நிய நாட்டில் இருந்த ஐந்தாண்டில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே போய்விட்டிருந்தது என்று அவரே எழுதுகிறார்.

நூறாண்டுக்குப் பிறகு போன எனக்கு அந்த மறதிகூடக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அவர் போனபோது அங்கே ஊர் கேட்க ஆள் கிடையாது. இப்போது நாம் போவதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் சித்தப்பா துபாய் சோனாப்பூர் கேம்பில் ஒன்பது வருடம் இருந்தவர். ஒரே அறையில் அடுக்குக் கட்டில், ஒரே பஸ், ஒரே வெயில். சமையலுக்கு மட்டும் மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து 'மெஸ்' போடுவார்களாம். மாவட்டம் என்பது பெயருக்குத்தான், "நம்ம மெஸ்ஸுல எல்லாம் நம்மாளுங்கதான்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இனி நான் சொல்லக் கூசுகிற பகுதி.

செப்டம்பரில் ஒரு அறை காலியானது. விழுப்புரம் பக்கத்திலிருந்து முதுநிலை படிக்க வந்த தம்பி ஒருவன் அறை பார்க்க வந்தான். பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அண்ணன் அவனுக்கும் டீ போட்டுக் கொடுத்தார். எந்த ஊர்? சொன்னான். "ஊருலயா?" "இல்லண்ணா, காலனி." கேட்ட உடனே, டீயை ஊதிக்கொண்டே சொன்னான். பிறகு அடுப்பைப் பார்த்து, "பீஃப் செய்யலாமாண்ணா?" என்றான். சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே மழை. பெட்டியை இழுத்துக்கொண்டு போனான்.

அண்ணன் எங்கள் நாலு பேரையும் பார்த்து, "பையன் நல்ல பையன்தான். நமக்கு செட் ஆவாது. என்ன சொல்றீங்க?" என்றார். ஒருவர் பீஃப் நாற்றம் போகாது என்றார். இன்னொருவர் தலையாட்டினார். என் முறை வந்தது. நான் "உங்க இஷ்டம்ணா" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. எழுதிக் காட்டினால் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. பிரிட்டனில் சமத்துவச் சட்டம் 2010இல் வந்தது. அதில் சாதியைச் சேர்க்க நாடாளுமன்றம் 2013இல் வழி செய்தது. 2018இல் அரசு, தனியாகச் சேர்க்கத் தேவையில்லை, வழக்குத் தீர்ப்புகளே போதும் என்று கைவிட்டது. அவர்கள் காட்டிய வழக்கு பெர்மிளா டிர்க்கியுடையது. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆதிவாசிக் கிறித்தவப் பெண். நாலரை ஆண்டு, நாளுக்கு 18 மணி நேர வேலை, மணிக்கு 11 பென்ஸ் கூலி, தரையில் ஒரு நுரைமெத்தை. 2015இல் ஊதிய நிலுவையாக ஏறக்குறைய 1,84,000 பவுண்டு தீர்ப்பாயது. நல்ல தீர்ப்பு. ஆனால் அத்தனை கொடுமை நடந்தால்தான் வழக்கு. டீ கொடுத்து அனுப்பி வைத்ததற்கு வழக்கில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் மசோதா இரு அவையிலும் நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த மசோதா பேசிய இடங்களில் வீட்டு வாடகையும் ஒன்று. எங்கம்மாவின் கேள்வியைச் சட்டமன்றத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று செய்தி படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் எனக்குத் தூக்கம் இல்லை. வீட்டு வாட்ஸ்அப்பில் அவன் எண் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு நண்பன் அறையில் தரையில் படுத்திருப்பதாகச் சொன்னான். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு கடையில் சந்தித்தோம். நானும் காலனிதான்டா தம்பி, அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று சொன்னேன். அவன் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே, "தெரியும்ணா" என்றான். எப்படி என்றேன்.

"அந்த வூட்ல என் ஊரைக் கேக்காதவரு நீங்க ஒருத்தர்தான்."

அந்த ஞாயிறு அடுப்படியில் வைத்து நாலு பேரிடமும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன், "அதனால என்ன தம்பி, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வாரம் ஒருவர் தனக்கென்று புதிய தோசைக்கல் வாங்கி வந்தார். பொதுவான கல் என் பக்கம் வந்தது. இரண்டு மாதம் அதில் நான் மட்டும் தோசை சுட்டேன். தாராளமாகச் சுட்டேன் என்று வையுங்கள்.

விழுப்புரத்துத் தம்பி இப்போது பார்க்கிங் என்ற இடத்தில் இரண்டு நைஜீரிய மாணவர்கள், ஒரு மலையாளியோடு வீடு எடுத்திருக்கிறான். ஒரு சோஃபாவை விரித்தால் கட்டிலாகும், ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரத்துக்கு அது, வாடகை கிடையாது என்று போன மாதம் செய்தி அனுப்பினான். இதுவரை மூன்று பேர் அதில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். வரும் செப்டம்பரில் போகிற இருவர் இந்த முன்வரிசையில் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து அவன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அப்பளமும் கொஞ்சம் எடுத்துப் போங்கள், கேட்டிருக்கிறான்.