சிகரெட் தொடாதவருக்கு எப்படி வந்தது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நுரையீரல் புற்றுநோயைப் பற்றி இவர் ஏன் பேசுகிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1980-களில் நாமக்கல் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் லெட்ஜர் எழுதிக்கொண்டே சிகரெட் பிடிக்கலாம். மேஜை மேலேயே ஆஷ்ட்ரே இருக்கும். லாரிக் கடனுக்கு வருபவர் பீடியோடு கவுன்ட்டரில் நிற்பார். யாரும் தப்பாக நினைத்ததில்லை. எனக்கு ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். பக்கத்து சீட் நண்பர் வெற்றிலைகூடப் போடாதவர். அவர் எழுந்து ஜன்னலைத் திறப்பார். வவுச்சர் பறக்கிறது என்று நான் மூடுவேன். இப்படியே பல வருஷம் போயிற்று.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பொது அலுவலகங்களில் புகைக்கத் தடை போட்டது. கிளையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நானும் அந்த வருஷக் கடைசியில் விட்டேன். நண்பர் ஓய்வு பெற்று மூன்றாம் வருஷம் அவருக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். சளியில் கிருமி தெரிந்ததா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு கோயம்புத்தூர் போய் சதை எடுத்துப் பரிசோதித்தபோது நுரையீரல் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலை. ஒரு வருஷத்துக்குள் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: 'பீடி சிகரெட் தொடாத மனுஷனுக்கு எப்படி?' கேட்டவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

என் புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஒரு தனி மனிதருக்கு எதனால் வந்தது என்று அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை எடுத்துக் கணக்குப் பார்த்தால் சொல்லலாம். கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும், அதனால் படிக்க ஆரம்பித்தேன்.

பெரிய கணக்கு ஒன்றை 1950-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் போட்டார்கள். லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். டாலுக்கு முதலில் சந்தேகம் சிகரெட் மேல் இல்லை, கார் புகை மேலும் ரோடு போடும் தார் மேலும்தான். விசாரணை முடிவதற்குள் அவரே சிகரெட்டை விட்டுவிட்டார்! அடுத்த வருஷம் பிரிட்டனின் டாக்டர்களையே கணக்கில் எடுத்து, 34,439 ஆண் டாக்டர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்தார்கள். புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, அறுபதில் விட்டவர்களுக்கு மூன்று. 'இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது' என்று மொட்டை மாடியில் என்னிடம் சொன்ன நண்பருக்காக அந்த மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன்.

புகைப்பவருக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 15 முதல் 30 மடங்கு அதிகம். 'பீடி இலைதானே' என்பதும் சரியில்லை. பீடி அணைந்து அணைந்து போகும், அதனால் அடிக்கடி இழுக்க வேண்டும். தாரும் நிகோட்டினும் உள்ளே போவது குறைவதில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் ஏறக்குறைய 43,000 ஆண்களின் இறப்பை டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது சுமார் நான்கு மடங்கு. ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்று கண்டார்கள். நம் ஊரில் புகை புற்றுநோயை மட்டும் கொண்டு வருவதில்லை, காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடுகிறது. இரண்டுக்கும் இருமல் ஒன்றேதான். அதனால்தான் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

சரி, தொடாதவர்கள் விஷயம். 1981-ல் ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்பவர், புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருஷம் பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டார். கணவர் நிறையப் புகைத்தால், மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பெண்கள் கையில் சிகரெட் எடுத்தவர்களே இல்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை 2012-லும் வெளிக்காற்று மாசை 2013-லும் 'உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவை' பட்டியலில் சேர்த்தது. லாரிக்குக் கூண்டு கட்டுவதிலே பேர் வாங்கிய நாமக்கல் பக்கம் இருந்துகொண்டு நாம் இதைப் படிக்கிறோம். கல் உடைக்கும் இடத்திலும் ஆழ்துளைக் கிணறு போடும் இடத்திலும் பறக்கும் சிலிக்கா தூசியும் அதே பட்டியலில் இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஊர் ஊராகப் போகும் பையன்கள் பலர் மூக்கில் துண்டுகூடக் கட்டுவதில்லை. விறகடுப்புப் புகை 'அநேகமாக உண்டாக்கும்' என்ற அடுத்த பட்டியலில் வருகிறது. ஊதாங்குழலோடு நம் அம்மாக்கள் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தூசி எப்படி வேலை செய்கிறது என்று 2023-ல் லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழுவினர் விளக்கினார்கள். வயதாக ஆக, பலருடைய நுரையீரலிலும் மரபணுக் கோளாறு உள்ள செல்கள் சில சும்மா தூங்கிக்கொண்டிருக்குமாம். நுண்தூசி உள்ளே போய்ப் புண்படுத்தும்போது உடம்பு அதை ஆற்றப் பார்க்கும். அந்தக் களேபரத்தில் தூங்கும் செல் விழித்துக்கொள்கிறது. புகைக்காதவர்களுக்கு வரும் நோயில் அடிக்கடி காணப்படும் இந்தக் கோளாறுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். நல்ல சேதி என்னவென்றால், இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அதைச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருபவர்களும் உண்டு. அதனால் புற்றுநோய் என்று வந்தால் மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். கிருமி தெரியாமல் காசநோய் மருந்து கொடுத்து, ஒன்றிரண்டு மாதத்தில் நிழல் குறையவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் பற்றி நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ஆறாத குரல் கம்மல் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். 'நான் புகைப்பதில்லையே' என்ற தைரியத்தில்தான் என் நண்பரும் தள்ளிப்போட்டார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மாடிப்படியில் நின்று புகைப்பவர்கள், வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் வெளியே வருகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புகை மேல் வீட்டுக் கதவிடுக்கில் போகிறது. மூடிய அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருள் ஒன்று, 75 முதல் 137 சிகரெட் அளவு நுண்தூசி விடுவதாக 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. கொசுவலை கட்டிக்கொள்வது சிரமம்தான், நானும் முதலில் முனகினேன். காய்ந்த வேப்ப இலையோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்துக் கொளுத்துவதை வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார். அவர் நாம் சொன்னதைத்தான் செய்கிறார்.

கடைசியாக ஜெனரேட்டர். பி பிளாக் பின்னால் இருக்கும் அதன் புகைக்குழாய் முதல் மாடி ஜன்னல் உயரத்தில் முடிகிறது. மின்வெட்டு வரும் சாயங்காலங்களில் டீசல் புகை நேராக உள்ளே போகிறது. குழாயை மொட்டை மாடிக்கு மேல் உயர்த்த என்ன செலவாகும் என்று இரண்டு இடத்தில் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். வந்ததும் செயலாளரிடம் கொடுக்கிறேன். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் அதைச் சேர்க்க வேண்டும். அன்றைக்கு முதல் மாடிக்காரர்களும் வாருங்கள். ஜன்னலைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று நீங்களே சொல்லுங்கள்.