வண்டியின் நாடி எங்கே?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே வைத்தியஞ் செய்ய வேண்டுமென்பது வள்ளுவர் கருத்து. மோட்டார் வண்டிக்கும் அது பொருந்தும்.

நள்ளிரவில் தோட்டத்திலே ஒருவருக்கு நோய் கண்டால் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ ஏற்றிச் செல்வது, பெரும்பாலும் நம் இளைஞர் ஒருவரின் வாடகை வண்டியே. 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறந்தது. ஆகவே பழைய வண்டிகளைக் காப்பாற்றியே பிழைக்கிறோம். அவ்வண்டியில் 'எஞ்சின்' விளக்கு எரிந்தால், காரணம் அறியாமல் பாகம் பாகமாக மாற்றிக் கைப்பணத்தைக் கரைக்கலாமா?

வண்டியிலுள்ள கணினி தான் கண்ட பிழையைக் குறியீடாக எழுதி வைக்கிறது. அதைப் படிக்கும் வாசலே ஓ.பி.டி. இணைப்பு. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுக் கார்கள் முதல் இதன் இரண்டாம் வகை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் இத்தகைய விதி வந்தது.

அதை எங்கே தேடுவது? சாரதி ஆசனத்தில் அமர்ந்து, டேஷ்போட்டின் கீழே, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டடிக்குள் பாருங்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய சிறு வாய். வரிசைக்கு எட்டாகப் பதினாறு துளைகள். தென்படாவிடில் பியூஸ் பெட்டியருகிலும் சிறு மூடிகளின் பின்னும் விரலால் தடவிப் பாருங்கள். வண்டியை நிறுத்திக் கருவியைச் செருகி, பின்பு சாவியைத் திருப்புங்கள். கருவிக்கு உயிர் வராவிட்டால் பியூஸ் எரிந்திருக்கலாம். பதினாறாம் துளையில் பற்றரி மின்சாரம் எந்நேரமும் இருப்பதால், வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுக. ஜப்பானியப் பழைய வண்டிகள் சிலவற்றில் வாய் ஒன்றே, மொழி வேறு; மலிவான கருவிக்கு அது விளங்காது.

பி0301 என்று வந்தால், முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது பொருள். குற்றம் பிளக்கிலா, கொயிலிலா, இன்ஜெக்டரிலா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். குறியீடு நோவுள்ள இடத்தைக் காட்டும், மருந்தைச் சொல்லாது. விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, மலையேறுவதை நிறுத்தி ஓரங்கட்டுவதே அறிவு.

நமது சங்கம் ஒரு கருவியை வாங்கிப் பொதுவில் வைக்குமாயின், நம் சாரதிகள் குறியீட்டை அறிந்துகொண்டே கராஜுக்குள் நுழைவார்கள். விபரமறிந்து கேட்பவனை ஏய்ப்பது அரிது.