விட்டு விட்டு அழும் பிள்ளை

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



கடன் தவணையைப் பேசுமுன் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம். நம் உறுப்பினர் ஒருவரின் ஏழு மாதப் பேரன் ஒரு சாயங்காலம் வீறிட்டு அழுதான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டான். இரண்டு நிமிஷத்தில் அழுகை நின்று சிரித்தான். கால் மணி நேரத்தில் திரும்ப அதே அழுகை. அம்மா மில்லில் ஷிப்டு. "உரம் விழுந்திருக்கு" என்று பாட்டி உரம் எடுக்கத் தூக்கிப்போனார். வாந்தி வந்ததும் தொக்கம் எடுத்தார்கள். மறுநாள் குடல் தட்டினார்கள். மூன்றாம் நாள் மலத்தில் ரத்தம். மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது குடலில் ஒரு பகுதி அழுகிவிட்டது. அதை வெட்டி எடுத்துத்தான் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். பாட்டியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

இதற்குப் பெயர் குடல் செருகல். முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றினால் கைப்பகுதி உள்ளே சுருண்டுகொள்ளும் இல்லையா, அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. வழி அடைபடும், ரத்த ஓட்டம் நிற்கும். மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் அதிகம் வரும், அதிலும் ஒரு வயதுக்குள். கொழுகொழு என்று நன்றாக இருக்கும் பிள்ளைக்கே வரும்.

நடுவில் விளையாடுவதால்தான் நாம் ஏமாந்து போகிறோம். அழுகை விட்டு விட்டு வருகிறது, காலை மடக்குகிறது, வாந்தியும் எடுக்கிறது என்றாலே கிளம்பிவிட வேண்டும். வாந்தி பச்சையாக வந்தால் எந்த வயதுப் பிள்ளையானாலும், பிறந்த குழந்தையானாலும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தமும் சளியுமாகச் சிவப்புக் கூழ் மாதிரி மலம் போவது கடைசியில்தான் வரும். சில பிள்ளைகளுக்கு வராமலும் போகும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான்.

கிரைப் வாட்டர், ஓமத்தண்ணி, வசம்பு எதுவும் புகட்ட வேண்டாம். வயிற்றை அமுக்கவோ தட்டவோ வேண்டாம். 108-ஐ கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "விட்டு விட்டு அழுகிறான், காலை மடக்குகிறான்" என்று டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். ஸ்கேனில் தெரிந்துவிடும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புத் தண்ணீரோ செலுத்திக் குடலைப் பழையபடி தள்ளிவிடுவார்கள். தாமதமானால்தான் கத்தி. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அனுப்பினால் யோசிக்காமல் போங்கள்.

"சொட்டு மருந்து கொடுத்ததால்தான் வந்ததா?" என்று சிலர் கேட்டீர்கள். 1999-இல் அமெரிக்காவில் ஒரு ரோட்டா வைரஸ் மருந்தை இந்தக் காரணத்துக்காக நிறுத்தியது உண்மை. இங்கே 2017 முதல் கொடுப்பது வேறு மருந்து. வேலூர் சி.எம்.சி. போன்ற ஆஸ்பத்திரிகள் சேர்ந்து கவனித்ததில், அதனால் குடல் செருகல் கூடவில்லை என்று தெரிந்தது. 6, 10, 14 வாரத்தில் தவறாமல் கொடுங்கள். கடும் வயிற்றுப்போக்கைத் தடுப்பது அதுதான்.

சரியான பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்குத் திரும்ப வரலாம், முக்கியமாக முதல் இரண்டு நாளில். வீட்டுக்கு வந்தபிறகு அதே அழுகை கேட்டால் உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

கையில் பணம் இல்லையென்று விடிகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் ஊக்குநரின் கதவைத் தட்டுங்கள். உள்கடனைத் தீர்மான நோட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.