கேஸ்கெட் பேஸ்ட்: எங்க போடணும், எங்க போடவே கூடாது

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வி: "பைக்கோட கிளட்ச் கவரை வீட்லயே கழட்டினேன். பேக்கிங் கிழிஞ்சிடுச்சு. சிலிக்கான் பேஸ்ட் மட்டும் போட்டு மூடிடலாமா?"

சுருக்கமான பதில்: வேண்டாம். புது பேக்கிங் வாங்கிடுங்க. ஏன்னு சொல்றேன்.

கடையில 'ஆர்டிவி சிலிக்கான்'னு கிடைக்கிற டியூப் காத்துல இருக்கிற ஈரத்தால இறுகும். சில நிமிஷத்துல மேல தோல் கட்டிடும், முழுசா இறுக ஒரு நாள் ஆகும். போல்ட்டை முறுக்கும்போது பேஸ்ட் ரெண்டு பக்கமும் பிதுங்கும். வெளிய வந்ததைத் துடைச்சிடுவோம். உள்ள போனது கண்ணுக்கே தெரியாது. அது ரப்பர் மாதிரி இறுகி, பிஞ்சு, ஆயில்ல மிதந்து, பம்ப்புக்கு முன்னாடி இருக்கிற ஸ்ட்ரெயினர் வலையில போய் ஒட்டிக்கும். 100 சிசி பைக்ல இருக்கிறதே சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான். அதுவும் மேல ஏறலைன்னா, ஹெட்ல இருக்கிற கேம்ஷாஃப்ட் காய்ஞ்சு தேயும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்தின கதை ஆயிடும்.

சரி, எங்க எது?

ஹெட் கேஸ்கெட்: மேனுவல் சொன்னாலொழிய எதுவும் தடவாதீங்க. அங்க எரியற வாயுவோட அழுத்தமும் சூடும் நேரா படும். பக்கத்துலயே ஆயில் போற சின்ன ஓட்டையும் இருக்கு.

சிலிண்டர் அடி பேக்கிங்: இதோட தடிமனும் கணக்குல சேர்த்திதான். எடுத்துட்டு பேஸ்ட் போட்டா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இருக்கிற இடைவெளியே மாறிடும்.

கார்புரேட்டர்: சிலிக்கானுக்கு இடமே இல்ல. பெட்ரோல் பட்டா ஊதிப்போய் உரிஞ்சு வரும், ஜெட்டை அடைக்கும். ஓ-ரிங் மாத்துங்க, போதும்.

டூ-ஸ்ட்ரோக் கிராங்க்கேஸ்: பெட்ரோல் கலவை இது வழியாத்தான் போகுது. அதனால பெட்ரோலைத் தாங்குற லிக்விட் கேஸ்கெட்தான் வேணும். இங்க காத்து கசிஞ்சா கலவை மெலிஞ்சு பிஸ்டன் ஜாம் ஆகலாம்.

நல்லா மட்டமா கடைஞ்ச ரெண்டு மெட்டல் முகம், பேக்கிங்கே இல்லாம சேருதா? அங்க அனேரோபிக் சீலன்ட் நல்லா வேலை செய்யும். காத்து இல்லாத இடத்துல, மெட்டலுக்கு நடுவுலதான் இது இறுகும். உள்ள பிதுங்கினது இறுகாம ஆயிலோட கலந்துடும். ஆனா இடைவெளி கால் மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும்.

சிலிக்கான் எங்கதான் போடுறது? மேனுவல் சொல்ற இடத்துல மட்டும். பெரும்பாலும் பேக்கிங் இல்லாத தகடு கவர், ரெண்டு பாகம் சேருற மூலை மாதிரி இடங்கள். பழசை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டுங்க. ஸ்க்ரூடிரைவர் கோடு போட்டா அது வழியாவே கசியும். எண்ணெய்ப் பிசுக்கே இல்லாம துடைச்சு, ரெண்டு மில்லிமீட்டர் கோடு இழுங்க. போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா இழுக்கணும். ஆயில் அடுத்த நாள் ஊத்துங்க.

கோடிங்ல எர்ரரை ட்ரை-கேட்ச் போட்டு மறைக்கிற மாதிரிதான் இதுவும். புது பேக்கிங் போட்டும் கசிஞ்சா, கவர் வளைஞ்சிருக்கா, போல்ட் மரை போயிருக்கான்னு பாருங்க. அதை பேஸ்ட் சரி பண்ணாது.

அடுத்த எபிசோட்ல டார்க் ரெஞ்ச் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க மக்களே, பை!