பொலிசாரும் புறத்தொழிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்கள் பலவற்றில் ஒரு காட்சி சர்வசாதாரணமானது. வீதியோரத்திலே நிலத்தைத் தோண்டிக் குழாய் பதித்துக்கொண்டிருப்பார்கள். அருகே, முழுச் சீருடையும் இடையிலே கைத்துப்பாக்கியும் தரித்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நின்று வாகனங்களை வழிப்படுத்திக்கொண்டிருப்பார். காண்போர் யாவரும் அவர் அரசாங்கக் கடமையில் நிற்பதாகவே எண்ணுவர். உண்மையில் அவருடைய அன்றைய கடமை நேரம் முடிந்து சில மணிநேரம் ஆகியிருக்கும். அவர் அங்கே நிற்பது குழாய் பதிக்கும் கம்பனியின் செலவில். மறுநாள் மாலை அவரையே ஒரு பெரிய அங்காடியின் வாயிலிலோ, வங்கியின் முகப்பிலோ, திருமண விருந்து நடக்கும் மண்டபத்திலோ காணலாம். சீருடையும் துப்பாக்கியும் கைதுசெய்யும் அதிகாரமும் மாறுவதில்லை. கூலி கொடுப்பவர் மட்டுமே மாறுகிறார்.

கடமை முடிந்த நேரத்தில் ஒருவர் வேறு தொழில் செய்து நாலு காசு தேடுவதில் என்ன குற்றம் என்று கேட்கத் தோன்றும். கந்தோரில் எழுதுவினைஞராயிருப்பவர் மாலையில் மிளகாய்த் தோட்டம் செய்கிறார். அதை எவரும் குறை கூறுவதில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் தமது ஓய்வு நாளில் வீட்டுக்கு வர்ணம் பூசும் வேலையை ஏற்றாராயின், அவர் களைத்துப்போய் மறுநாட் கடமைக்கு வருவாரோ என்பதைத் தவிர வேறு கேள்வி எழாது. ஆனால் அவர் விற்பது தமது கையுழைப்பாக இல்லாமல், மக்கள் அவருக்கு நம்பிக் கொடுத்த அதிகாரத்தின் தோற்றமாக இருக்குமானால், விஷயம் முற்றிலும் வேறாகிவிடுகிறது. இந்நாட்டு நேயர்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பகலில் வகுப்பறையிலே சொல்லாது விட்டதை மாலையில் அதே பிள்ளைகளுக்குப் பணம் பெற்றுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைப் பற்றிப் பெற்றோர் முறையிடுவதை அறியாதவர் யார்? அங்கே குற்றம் மாலை வகுப்பு நடத்துவதில் இல்லை. மாலை வகுப்புக்காகப் பகல் வகுப்பு மெலிந்துபோவதில் இருக்கிறது.

பழைய சட்டங்கள் இவ்விடயத்தில் மிகக் கண்டிப்பாயிருந்தன. 1829ஆம் ஆண்டிலே சேர் றொபேட் பீல் லண்டன் மாநகரப் பொலிஸ் படையை அமைத்தபோது, அதிற் சேரும் ஒவ்வொரு கொன்ஸ்டபிளும் தமது நேரம் முழுவதையும் பொலிஸ் சேவைக்கே ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்தது. அக்காலத்தில் அவருக்குக் கிடைத்த ஊதியம் கிழமைக்கு ஏறத்தாழ இருபத்தொரு சிலிங். 1861ஆம் ஆண்டின் இந்தியப் பொலிஸ் சட்டத்தின் 10ஆம் பிரிவு, இன்ஸ்பெக்டர் ஜெனரலின் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் எந்தப் பொலிஸ் உத்தியோகத்தரும் வேறு வேலையில் ஈடுபடலாகாது என்று விதித்தது. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் எப்பொழுதும் கடமையிலிருப்பவராகவே கருதப்படுவார் என்றது. 1865ஆம் ஆண்டின் இலங்கைப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலும் இவ்வாசகம் இடம்பெற்றது. எப்பொழுதும் கடமையிலிருப்பவருக்குக் கடமையில்லாத நேரம் ஏது? ஓய்வு நாள் உண்டு, உறக்கம் உண்டு. ஆயினும் கண்ணெதிரே களவு நடந்தால் இன்று எனக்கு விடுமுறை என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை.

இங்கிலாந்து பின்னாளில் சற்று இளகியது. 2003ஆம் ஆண்டின் பொலிஸ் ஒழுங்குவிதிகளின்படி, உத்தியோகத்தர் வேறு வருமானத் தொழில் ஒன்றை மேற்கொள்ள விரும்பினால் தலைமை அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அத்தொழில் பொலிஸ் பதவிக்கு ஒவ்வுமா என்பதைத் தீர்மானிப்பவர் தலைமை அதிகாரி. இவ்விதி அவரோடு நின்றுவிடவுமில்லை. அவருடைய குடும்பத்தவர் அப்பகுதியிலே கடை நடத்தினாலும், மதுபானம் விற்கும் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தாலும் அதனையும் அறிவித்தல் வேண்டும். கணவன் சட்டம் காக்க, மனைவி அதே தெருவிலே மதுக்கடை வைத்திருந்தால், மூடவேண்டிய நேரத்தில் அக்கடை மூடப்படுமா என்ற ஐயம் ஊராருக்கு எழும் அன்றோ?

பணம் படைத்தவர் தமக்கு மேலதிகமான காவல் வேண்டும் என்று கேட்டால் என் செய்வது என்பதற்கும் அங்கே ஒரு வழி கண்டார்கள். 1921ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, தென் வேல்ஸ் பிரதேசத்திலே ஒரு சுரங்கத்தின் நிர்வாகி, பொலிசார் சுரங்கத்திலேயே தங்கியிருந்து காவல் செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். நடமாடும் படையொன்று போதும் என்பது பொலிஸ் அதிகாரியின் அபிப்பிராயம். இறுதியில், செலவைத் தாமே தருவதாகச் சுரங்க நிர்வாகம் ஒப்புக்கொண்டபின் எழுபது பொலிசார் அங்கே தங்கவைக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் முடிந்தது; கணக்கு வந்தது; காவல் செய்வது பொலிசாரின் கடமைதானே, அதற்கு ஏன் பணம் என்று நிர்வாகம் மறுத்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1924ஆம் ஆண்டின் இறுதியிலே அச்சபை அளித்த தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அமைதியைக் காப்பதற்கு எது தேவை என்று பொலிஸ் அதிகாரி நேர்மையாகக் கருதுகிறாரோ, அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டியது; அதற்கு மேல் ஒருவர் தமது மனநிறைவுக்காகக் கேட்பது விசேட சேவை; அதற்குக் கட்டணம் பெறலாம் என்பதே அதன் சாரம். உதைபந்தாட்ட மைதானங்களுக்குள்ளே நிற்கும் பொலிசாருக்குக் கழகங்கள் பணம் கட்டுவது இவ்வழியில் வந்ததே. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. காவலை விற்பது படை. பணம் போய்ச் சேர்வது பொது நிதிக்கு. கொன்ஸ்டபிள் எவரோடும் பேரம் பேசுவதில்லை.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே பொலிஸ் படைகள் ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனியானவை. வரிப்பணத்தைக் கூட்ட அஞ்சிய நகரசபைகள் சம்பளத்தைக் கூட்டவில்லை. புறத்தொழிலைக் கண்டும் காணாதிருந்தன. அல்பேட் றைஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1988ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து எழுதியபோது, மூன்று முறைகள் வழக்கிலிருந்ததை எடுத்துக்காட்டினார். ஒன்றில் உத்தியோகத்தர் தாமே முதலாளியோடு ஒப்பந்தம் செய்கிறார். மற்றொன்றில் பொலிஸாரின் சங்கம் தரகராக நிற்கிறது. வேறொன்றில் பொலிஸ் திணைக்களமே ஒப்பந்தம் செய்து ஆட்களை அனுப்புகிறது. வேலையை ஒதுக்கிக் கொடுப்பவர் யார் என்ற இந்த ஒரு கேள்விக்கு, எத்தனை மணிநேரம் வேலை செய்யலாம் என்ற கேள்வியைவிட அதிக கனம் உண்டு என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின.

அதற்கு முன்னரே வேறொரு சிக்கல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டிருந்தது. வாஷிங்டன் நகரத்துக்கு அண்மையில், மேரிலாந்து மாநிலத்திலே, கிளென் எக்கோ என்ற உல்லாசப் பூங்கா ஒன்று இருந்தது. கறுப்பு இனத்தவருக்கு அங்கே அனுமதியில்லை. 1960ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி கறுப்பு இன இளைஞர் ஐவர் இத்தடையை எதிர்த்து உள்ளே சென்று குதிரை இராட்டினத்தில் ஏறி அமர்ந்தனர். பூங்காவின் காவலர் அவர்களைக் கைதுசெய்தார். அவருக்குச் சம்பளம் தனியாரிடமிருந்து வந்தது. ஆனால் பூங்காவின் வேண்டுகோளின்படி மாவட்ட ஷெரிப்பின் உதவியாளர் என்ற பதவியும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. அப்பதவியின் வில்லை அவர் மார்பில் இருந்தது. தனியார் தமது நிலத்திலிருந்து ஒருவரை வெளியேற்றியது மட்டுமே நடந்தது என்று வாதிடப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. அரசாங்க அதிகாரத்தை உடையவர் அதைக் காட்டிச் செய்த செயல் அரசாங்கத்தின் செயலே. கூலி கொடுத்தவர் சொன்னதைத்தான் செய்தார் என்பதனால் அது மாறிவிடாது என்று கூறி, தண்டனைகளை நீக்கியது. அதற்குள் பூங்கா 1961ஆம் ஆண்டிலேயே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. எனினும் தீர்ப்பு நிலைத்தது. கூலிக்கு நிற்கும் பொலிசார் ஒருவர் கடைவாயிலில் ஒரு சிறுவனைப் பிடித்து விலங்கிட்டால், பிடித்தது கடைக்காரரா, நகரமா? வில்லையைக் காட்டிப் பிடித்தாராயின் நகரமும் பதில் சொல்லவேண்டிவரும்.

புறத்தொழில் கட்டுக்கடங்காது வளர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைப் போன்ற உதாரணம் வேறில்லை. மிசிசிப்பி ஆற்றின் முகத்தண்டையில் உள்ள அந்நகரத்தின் பொலிஸ் படையை அமெரிக்க மத்திய நீதித் திணைக்களம் விசாரித்து, 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நீண்ட அறிக்கையொன்றை வெளியிட்டது. பலாத்காரம், பாரபட்சம் முதலிய பல குற்றச்சாட்டுகள் அதில் இருந்தன. கூலிக்காவல் முறையை ஊழலின் பெருநாடி என்று வர்ணித்தவர்களின் சொல்லும் அதில் எடுத்தாளப்பட்டது. உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நாடி எதுவோ, அதுபோல ஊழலைப் படை முழுவதும் கொண்டுசென்றது இம்முறை என்பது பொருள்.

நடந்தது என்னவென்றால், வர்த்தகர்களோடும் குடியிருப்பாளர் சங்கங்களோடும் உத்தியோகத்தர்கள் தாமே பேசி வேலை பிடித்தனர். வேலை பிடித்தவர் மற்றவர்களுக்கு அதைப் பங்கிட்டார். பங்கிட்டவர் சாதாரண உத்தியோகத்தராகவும், பங்கு பெற்றவர் அவருடைய மேலதிகாரியாகவும் இருப்பதுண்டு. மாலையில் தமக்கு வேலை தந்து பணம் வாங்கித் தருகின்ற கீழ் உத்தியோகத்தரைக் காலையில் எந்த மேலதிகாரி கண்டிப்பார்? அதே 2011ஆம் ஆண்டில், வீதிக் கமராக்கள் பிடித்த போக்குவரத்துக் குற்றங்களைப் பரிசீலிக்கும் கூலி வேலை, பொலிஸ் அதிகாரி ஒருவர் அமைத்த கம்பனி மூலமாக நடந்தது வெளிவந்து நகரமே அதிர்ந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதை ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அவ்வுத்தியோகத்தருட் பெரும்பாலோர் சம்பளம் போதாமையாலேயே இரவெல்லாம் கண்விழித்தனர். ஆனால் கண்விழித்தவர் மறுநாள் ஆயுதம் தாங்கிக் கடமைக்கு வந்தார். கடமை நேரத்திலும் மனம் புறவேலையிலேயே கிடந்தது. பணமுள்ள தெருக்களுக்குத் தனிக் காவல் வாய்த்தது. காவல் மிகவும் தேவைப்பட்ட ஏழைத் தெருக்களில் வசித்தவர்களோ, அழைத்தால் வருவதற்கு ஆள் போதாது என்ற மறுமொழியையே கேட்டனர். அவர்களும் வரி செலுத்துபவர்களே. படைக்கு இதனால் வருமானம் கிடைக்கவில்லை. நட்டமே என்றும் அறிக்கை கூறியது.

இதன் விளைவாக நகரமும் மத்திய அரசாங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையை 2013ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய நீதிமன்றம் அங்கீகரித்தது. புறத்தொழிலுக்கென அதில் தனி அத்தியாயமே இருந்தது. பொலிசாரின் கைக்கு எட்டாத வகையில், நகர நிர்வாகத்தின் கீழ்ச் சிவில் உத்தியோகத்தர்களைக் கொண்டு தனி அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது. காவல் வேண்டுவோர் அங்கேதான் விண்ணப்பிக்கவேண்டும்; பணத்தையும் அங்கேதான் கட்டவேண்டும். கையிலே காசு கொடுப்பது தடுக்கப்பட்டது. பொலிசார் புறத்தொழிலுக்கெனத் தாமே கம்பனி அமைப்பதும் விலக்கப்பட்டது. வழமையான கடமையும் புறவேலையும் சேர்ந்து இருபத்துநான்கு மணிநேரத்தில் 16 மணிநேரம் 35 நிமிடத்தைத் தாண்டலாகாது என்ற விதியும் வந்தது. பதினாறு மணிநேரத்துக்கு மேல் ஆயுதம் தாங்கி நிற்பதைத் தடுக்க ஒரு விதி வேண்டியிருந்தது என்பதே முன்னைய நிலைமைக்குச் சாட்சி.

பொலிஸ் சங்கங்கள் இதனை விரும்பவில்லை. அவற்றின் மனக்குறையை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. பல ஆண்டுகளாகச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, குறையைப் புறத்தொழிலால் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று மறைமுகமாகச் சொல்லிவந்த நகரம், திடீரென்று அவ்வாசலைச் சாத்தும்போது சம்பளத்தை உயர்த்துவதும் அதன் கடமை. அந்த நியாயம் இருந்தும், வழக்கிலே தாமும் ஒரு கட்சியாகச் சேரச் சங்கங்கள் விடுத்த கோரிக்கையை நீதிமன்றம் நிராகரித்தது. புதிய அலுவலகத்தின் நேரகாலமற்ற படிவங்களையும் கட்டண விகிதங்களையும் பற்றி முணுமுணுத்துக்கொண்டே உத்தியோகத்தர்கள் அதன் வழியாக வேலைக்குப் போகத் தொடங்கினர்.

வேறு நகரங்களும் இவ்வழியில் தத்தமது முடிவுகளைத் தேடின. நியூ ஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி சிற்றியில் பல உத்தியோகத்தர்கள், செய்யாத புறவேலைக்குப் பணம் பெற்ற குற்றத்தை மத்திய நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். 2018ஆம் ஆண்டில் அந்நகரத்தின் நகரபிதா கூலிக்காவல் முறைக்கே முற்றுப்புள்ளி வைப்பதாக அறிவித்தார். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், வீதிவேலை நடக்குமிடங்களிற் சிலவற்றிலாவது பொலிசாருக்குப் பதிலாகக் கொடி பிடிக்கும் சாதாரணத் தொழிலாளரை நிறுத்தலாம் என்று 2008ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். கொடி பிடிப்பதற்குக் கைதுசெய்யும் அதிகாரம் எதற்கு என்று எவரோ ஒருவர் கேட்கவேண்டியிருந்தது. கேட்பதற்கு அத்தனை காலம் சென்றது.

நியூ ஓர்லியன்ஸ் விஷயமும் அலுவலகம் திறந்ததோடு தீர்ந்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, பொலிஸ் படையின் வரவுப் பதிவையும் புறவேலைப் பதிவையும் பக்கத்துப் பக்கமாக வைத்துத் திகதி திகதியாக ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே மணிநேரத்தில் ஒரே உத்தியோகத்தர் நகரத்துக்கும் வேலை செய்ததாகவும் தனியாருக்கும் வேலை செய்ததாகவும் கணக்குக் காட்டியிருந்த இடங்கள் அகப்பட்டன. பல உத்தியோகத்தர்கள்மீது விசாரணைகள் தொடங்கின. இரண்டு பதிவுகளும் நகரத்தின் கையிலேயே இருந்தவை. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தவர் வெளியார்.